இயர் பேட் உரிந்துவிட்டது: வெல்வெட் போடலாமா, அதே ரெக்சின் வாங்கலாமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது. கல்யாண வீடியோ எடிட்டிங் வேலை. ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ் ஹெட்போனை ஐந்து வருஷமாக வைத்திருக்கிறீர்கள். இயர் பேட் உரிந்து கருப்புத் தூளாகக் காதிலும் கழுத்திலும் ஒட்டுகிறது. கண்ணாடி போடுகிறவர், வெயில் காலத்தில் காது வெந்துபோகிறது. வெல்வெட் பேட் மாற்றினால் காதுக்கும் சுகம், ஒலியும் நன்றாகத் திறந்து கேட்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்களாம். மாற்றலாமா, இல்லை புது ஹெட்போனே வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் நீங்கள் எழுதாத ஒரு கேள்வியும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது: பேட் மாற்றிய பிறகு அந்த ஹெட்போனில் கேட்பதை நம்பி ஒரு கல்யாணத்தின் ஒலியைச் சரிசெய்து கொடுக்க முடியுமா?

பாலக்காட்டுச் சித்தூரில் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், ஹெட்போன் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறேன். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவன், மீதியெல்லாம் கைப்பழக்கத்தில் வந்தது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது ஹெட்போன் வேண்டாம். முதலில் எம்50எக்ஸுக்கு வந்த அதே அளவு, அதே வகை பேட் ஒரு ஜோடி போட்டுக் கேளுங்கள். வெல்வெட்டைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். ஏன் இந்த வரிசை என்பதைத்தான் இனி விளக்கப் போகிறேன்.

இயர் பேட்டை எல்லோரும் மெத்தை என்றே நினைக்கிறார்கள். காதுக்கு உறுத்தாமல் இருக்க வைத்த பஞ்சு, அவ்வளவுதான் என்று. ஆனால் உங்களுடையது போன்ற, கப்பின் பின்பக்கம் அடைத்த மூடிய வகை ஹெட்போனில் ஒலியை உண்டாக்குகிற பெட்டியின் ஒரு சுவரே அந்தப் பேட்தான். இதை நீங்களே இப்போது சோதிக்கலாம். பாஸ் நன்றாக உள்ள ஒரு பாட்டைப் போட்டு, ஹெட்போனைக் காதிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் பிடியுங்கள். குரல் கேட்கும், ஜால்ரா கேட்கும், ஆனால் அடிநாதம் போயே போய்விடும். காரணம் எளிது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். எம்50எக்ஸில் டிரைவரின், அதாவது உள்ளே ஒலி எழுப்பும் சின்ன ஸ்பீக்கரின், குறுக்களவு 45 மில்லிமீட்டர். இவ்வளவு சின்னத் தகடு திறந்த அறையின் காற்றை அசைத்து அந்த ஒலியைக் காதுக்குக் கொண்டுவரவே முடியாது. காதைச் சுற்றி இறுக்கமாக மூடிய சின்ன இடம் இருந்தால் மட்டும் அது முடிகிறது. அப்போது டிரைவர் அந்த இடத்துக் காற்றை அழுத்தி, தளர்த்தி, செவிப்பறையை நேரடியாக அசைக்கிறது. ஓரத்தில் எங்கேயாவது காற்று கசிந்தால் அழுத்தம் நிற்காது. பிரஷர் குக்கரில் கேஸ்கெட் தளர்ந்தால் எவ்வளவு தீ வைத்தாலும் விசில் வராது அல்லவா, அதே கதைதான். அதிலும் ஒலி எவ்வளவு தாழ்ந்ததோ அவ்வளவு அதிகமாகக் கசியும். அதனால்தான் குரல் சரியாக இருப்பது போலத் தோன்றும்போதே அடிப்பகுதி மட்டும் காணாமல் போகிறது. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. எந்த மூடிய ஹெட்போனுக்கும், எந்த விலைக்கும் இது பொருந்தும்.

இப்போது உங்கள் பேட்டைப் பார்ப்போம். ரெக்சின் என்று நாம் சொல்வது துணியின் மேல் பூசிய பாலியுரித்தேன் படலம். காற்றை அடைத்து நிறுத்துவது அந்தப் படலம்தான். அது உரிந்துபோனால் அடியில் இருக்கும் வலைத்துணி மட்டும் மிஞ்சும், அதன் வழியாகக் காற்று தாராளமாகப் போய்வரும். கூடவே உள்ளே இருக்கும் நுரையும் தட்டையாகியிருக்கும். பேட்டின் உயரம் குறைந்தால் டிரைவர் காதுக்கு நெருங்கிவிடும், சிலருக்குக் காது மடலே உள்ளே இருக்கும் தட்டில் இடிக்கும். கண்ணாடிக் காம்பு போகும் இடத்தில் புது நுரை அமுங்கி வளைந்து கொடுக்கும், சப்பையான நுரை கொடுக்காது, அங்கே ஒரு சந்து விழும். ஆக, இப்போது நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது ஐந்து வருஷத்துக்கு முன் வாங்கிய ஹெட்போனின் ஒலி இல்லை. மெல்ல மெல்ல மாறியதால் காது அதற்குப் பழகியிருக்கும், தெரிந்திருக்காது.

உங்கள் தொழிலில் இது சின்ன விஷயம் இல்லை. பாஸ் குறைவாகக் கேட்கிற ஹெட்போனில் வேலை செய்கிறவர், தன்னை அறியாமலே பாஸைக் கூட்டி வைப்பார். தவிலின் அடி காதுக்குப் போதவில்லை என்று ஏற்றுவார். அந்த வீடியோவை மண்டபத்து ஸ்பீக்கரிலோ வீட்டு டிவியோடு வைத்த சவுண்ட்பாரிலோ போட்டால் தவில் குடத்துக்குள் அடித்தது போல உறுமும், நாதஸ்வரம் பின்னால் போய்விடும். அண்மையில் முடித்த ஒன்றிரண்டு வேலைகளை வேறு நல்ல ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். அடி கொழகொழவென்று வந்தால் சந்தேகப்பட வேண்டியது முதலில் பேட்டைத்தான்.

அதை உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மிருதங்கம் தனியாக வரும் ஒரு பதிவைப் போடுங்கள். நம் ஊர்ப்பக்கத்தில் பாலக்காடு மணி ஐயரின் பழைய பதிவுகளை எல்லோரும் வைத்திருப்பார்கள், ஆனால் இந்தச் சோதனைக்குப் பழைய வானொலிப் பதிவு வேண்டாம், அதில் தாழ்ந்த ஒலி முழுசாகப் பதிவாகியிருக்காது. இப்போதைய நல்ல ஸ்டூடியோப் பதிவு ஒன்றை எடுங்கள். தொப்பி என்கிற இடது பக்கத்தில் கும்கி என்ற தாழ்ந்த ‘கும்’ ஒலி வரும்போது இரண்டு கப்பையும் உள்ளங்கையால் மெதுவாகக் காதோடு அழுத்துங்கள். கும்கி சட்டென்று நிறைந்து, கனத்துக் கேட்டால் பேட் கசிகிறது என்று அர்த்தம். அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றால் அடைப்பு சரியாக இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டும் ஒருமுறை கேளுங்கள். கண்ணாடியால் எவ்வளவு போகிறது, பேட்டால் எவ்வளவு போகிறது என்று பிரித்துத் தெரியும். நான் கடையில் 40 ஹெர்ட்ஸ் சைன் அலையையும், அதாவது ஒரே சீரான தாழ்ந்த ஒலியையும், வைத்துப் பார்ப்பேன், செல்போனிலேயே அதற்கு இலவசச் செயலிகள் கிடைக்கின்றன. ஆனால் வால்யூமைக் குறைத்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

சரி, வெல்வெட்டுக்கு வருவோம். வெலோர் என்ற பெயரில் விற்கிற இந்தத் துணிக்கு நல்ல பெயர் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. பேயர்டைனமிக்கின் டிடி 770 ப்ரோ மூடிய வகைதான், அதன் 80 ஓம், 250 ஓம் மாடல்கள் வெலோர் பேட்டோடுதான் வருகின்றன. பாஸும் அவற்றில் குறைவில்லை. சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650 இரண்டிலும் வெலோர்தான். இதைப் பார்த்துவிட்டு வெல்வெட் போட்டால் ஒலி நன்றாகும் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் டிடி 770-ஐ வடிவமைத்தவர்கள் அந்தத் துணியின் கசிவையும் கணக்கில் வைத்தே மற்ற எல்லாவற்றையும் அமைத்தார்கள். சென்ஹைசரின் அந்த இரண்டும் பின்பக்கம் திறந்த வகை, அவற்றின் கணக்கே வேறு. எம்50எக்ஸ் ரெக்சின் பேட்டை வைத்து அமைத்த ஹெட்போன். அதில் துணிப் பேட்டைப் போட்டால் துணியின் இழைகள் வழியாகக் காற்று கசிந்து, மிகத் தாழ்ந்த பாஸ் குறையும். இது உறுதி. எவ்வளவு குறையும் என்பது துணியின் அடர்த்தி, உள்ளே நுரை எந்த வகை, பேட்டின் உள்சுவரில் என்ன துணி என்பதையெல்லாம் பொறுத்தது.

பாஸ் குறையும்போது நடு ஒலியும் குரலும் முன்னால் வருவது போலத் தோன்றும். அந்த வீடியோவில் ‘திறந்து கேட்கிறது’ என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான் இருக்க வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை, அவர் காதுக்கு அப்படித்தான் கேட்டிருக்கும். பாட்டு கேட்டு ரசிக்கிறவருக்கு அது நல்ல மாற்றமாகவும் இருக்கலாம், ஏனென்றால் எம்50எக்ஸில் பாஸ் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும் என்பது பலரும் சொல்கிற குறை. ஆனால் உங்களுக்கு வேண்டியது ரசனை மட்டும் இல்லை, நிதானமான ஒரு அளவுகோலும் வேண்டும். அந்த அளவுகோல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியாமல் மாற்றினால் வேலையில் இடறும்.

பேட்டின் உயரமும் உள்துளையின் அகலமும் துணியைவிடப் பெரிய வேலை செய்யும், இதை யாரும் சொல்வதில்லை. தடிமனான பேட் போட்டால் டிரைவருக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும் இடம் பெரிதாகிறது. அடைபட்ட இடம் பெரிதானால் அதே டிரைவர் உண்டாக்கும் அழுத்தம் குறையும், அதனால் நல்ல ரெக்சின் பேட்டாகவே இருந்தாலும் பாஸ் கொஞ்சம் இறங்கும். மேல்பகுதி இன்னும் சிக்கல். 8,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நாம் பேசிக்கொண்டிருக்கும் இடைவெளியும் சில சென்டிமீட்டர்தான். ஆகையால் டிரைவர் ஐந்து மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும், கொஞ்சம் சாய்ந்தாலும், அந்த உயர்ந்த ஒலிகளில் எது எழும், எது அமுங்கும் என்பது மாறிவிடும். எந்தப் பக்கம் மாறும் என்று முன்கூட்டிச் சொல்லுவது முடியாத காரியம், உங்கள் காது மடலின் வடிவமும் அதில் சேருகிறது. அதனால் ‘இந்தப் பேட் ட்ரெபிளை மென்மையாக்கும்’ என்று யாராவது அடித்துச் சொன்னால் அதை அவர் காதில் நடந்ததாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் செயற்கைக் காது வைத்து அளக்கிற கருவி இல்லை. சின்ன மைக் ஒன்றை வைத்து, ஒரே ஹெட்போனில் இரண்டு பேட்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பேன். பாஸ் வித்தியாசம் அதில் தெளிவாகத் தெரியும். மேல் ஒலியில் மைக்கைக் கொஞ்சம் நகர்த்தினாலே கோடு மாறிவிடும், அதனால் அந்தப் பகுதியில் அந்த மைக்கை நான் நம்புவதில்லை.

மேல் ஒலிக்குக் காதுதான் நல்ல சோதனை. செண்டை மேளத்தில் இலத்தாளம் என்கிற உலோகத் தாளம் சேரும் இடத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக, உலோகமாகக் கேட்க வேண்டும். மணலைச் சலிப்பது போல ஒரே இரைச்சலாகக் கேட்டாலோ, பல் கூசினாலோ அந்தப் பேட் உங்கள் காதுக்குச் சேரவில்லை. நேரில் மேளத்துக்குப் பக்கத்தில் நின்று கேட்டுப் பழகிய காது உங்களுக்கும் இருக்கும், சித்தூர், கொல்லங்கோடு பக்கம் வேலை வராமலா இருக்கும்.

நுரையைப் பற்றிக் கொஞ்சம். மெமரி ஃபோம் என்று விற்பது மெதுவாக அமுங்கி மெதுவாக எழும் நுரை. உடம்புச் சூட்டில் அது இளகும், கண்ணாடிக் காம்பைச் சுற்றி நன்றாக உட்காரும். கண்ணாடி போடுகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். ஆனால் மெமரி ஃபோம் என்று பெயர் போட்டு சாதாரண நுரையை விற்பதும் உண்டு. விரலால் நன்றாக அமுக்கிவிட்டு எடுங்கள், பள்ளம் மெல்ல நிரம்பினால் சரி, சட்டென்று துள்ளி எழுந்தால் சாதாரண நுரை. ஆட்டுத்தோல் பேட்டும் கிடைக்கிறது, நன்றாக அடைக்கும், ரெக்சின் போல உரியாது. ஆனால் நம் பக்கத்து ஜூன், ஜூலை ஈரத்தில் தோல் பொருள் பூஞ்சை பிடிக்கும், பெட்டியில் வைத்தால் இன்னும் மோசம். அடிக்கடி எடுத்துத் துடைத்துப் போடுகிறவருக்குத்தான் அது. வெளிப்பக்கத்தில் ஓட்டை போட்ட தோல் பேட் வேண்டவே வேண்டாம். உள்பக்கம் ஓட்டை இருந்தால் தப்பில்லை, வெளிப்பக்கமும் இருந்தால் அங்கேயும் கசிவுதான்.

ஐந்து வருஷத்தில் ஏன் உரிந்தது என்றும் தெரிந்துகொள்ளுங்கள், புதுப் பேட்டைக் காப்பாற்ற உதவும். காற்றின் ஈரமும் வியர்வையும் சூடும் சேர்ந்து பாலியுரித்தேனின் கட்டமைப்பையே மெதுவாக உடைக்கின்றன. வெளியில் எடுக்காமல் அலமாரியில் வைத்த ஹெட்போனிலும் பேட் உரிவது இதனால்தான். எனவே மலிவாகக் கிடைக்கிறது என்று நாலு ஜோடி வாங்கி அடுக்கி வைக்காதீர்கள், அவையும் உள்ளேயே முதிரும். நம் ஊரில் இதோடு தேங்காய் எண்ணெயும் சேர்கிறது. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்த அன்று காதோரத்தில் எஞ்சிய எண்ணெய் பேட்டில்தான் போய்ச் சேரும். வேலைக்கு உட்காரும் முன் காதைச் சுற்றி ஒரு துண்டால் துடைத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் பேட்டை ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் ரெக்சினில் படக்கூடாது, சீக்கிரம் வெடிப்பு விடும். ஜன்னல் வெயிலிலும் வைக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாயின் ஜனவரிக் காற்று உலர்ந்திருக்கும், அந்த மாதங்களில் ரெக்சினுக்குத் தொல்லை குறைவு, மழைக்காலத்தில்தான் கவனம் வேண்டும்.

மாட்டும் வேலைக்கு வருவோம். கடைக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை. எம்50எக்ஸில் பேட்டின் பின்பக்கம் மெல்லிய ஒரு பாவாடை போலத் துணி இருக்கும், அது கப்பின் விளிம்பைச் சுற்றிப் போர்த்திக்கொண்டிருக்கும். பழையதைக் கழற்ற, ஒரு ஓரத்தில் விரலை நுழைத்து, அந்தத் துணியை விளிம்புக்கு வெளியே இழுத்துக்கொண்டே சுற்றி வாருங்கள், வந்துவிடும். கழற்றியதும் கப்பை முகம் கீழாகப் பிடித்து, பின்பக்கம் விரலால் மெதுவாகத் தட்டி உரிந்த தூளைக் கீழே விழச் செய்யுங்கள். விளிம்பில் ஒட்டியிருப்பதை லேசாக ஈரமான துணியால் எடுங்கள். டிரைவரின் மேல் இருக்கும் வலையில் உலர்ந்த மென்மையான பிரஷ் மட்டும் போதும். வாயால் ஊதாதீர்கள், புளோயரையும் வாக்குவம் கிளீனரையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், அந்தத் தகடு காகிதத்தைவிட மெல்லியது, ஒரு மடிப்பு விழுந்தால் போச்சு. ஸ்க்ரூடிரைவரும் வேண்டாம். டிரைவருக்குப் பின்னால் வலுவான காந்தம் இருக்கிறது, இரும்பு முனையைச் சட்டென்று இழுத்து வலையைக் குத்திவிடும். கூடவே, ஒரு தலைமுடி உள்ளே கிடந்து தகட்டைத் தொட்டாலும் பாஸ் வரும்போதெல்லாம் ‘கிர்’ என்று அதிரும். டிரைவர் போய்விட்டது என்று கடைக்கு வருகிற ஹெட்போன்களில் பல இப்படித்தான், முடியை எடுத்ததும் சரியாகிவிடும்.

புதியதை மாட்டும்போது கீழ் ஓரத்தில் பாவாடைத் துணியை விளிம்பில் மாட்டி, அங்கே ஒரு கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். மறுகையால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இரண்டு பக்கமும் ஏற்றிக்கொண்டே வந்து, உச்சியில் முடியுங்கள். கடைசி இரண்டு அங்குலம் இறுக்கமாக இருக்கும், பழைய ஏடிஎம் கார்டின் மூலையை உள்ளே விட்டுத் துணியைத் தள்ளிவிடலாம். அவசரப்பட்டு இழுத்தால் தையல் பிரியும். முன்பக்கம் ஒல்லியாகவும் பின்பக்கம் தடியாகவும் சாய்வாகச் செய்த பேட் வாங்கியிருந்தால், தடியான பக்கம் காதுக்குப் பின்னால் வர வேண்டும், இடது வலது மாறக்கூடாது. மாட்டியதும் சுற்றிலும் விரலால் தடவிப் பாருங்கள், எங்காவது மடிந்திருந்தால் அங்கே சந்து இருக்கிறது. பிறகு ஒரு ஆளின் பேச்சை மோனோவில், அதாவது இரண்டு பக்கமும் ஒரே ஒலியாக, போட்டுக் கேளுங்கள், குரல் நெற்றிக்கு நேராக வர வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் பெரும்பாலும் மாட்டியதில் கோணல்தான், கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

புதுப் பேட் முதல் சில நாள் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், நுரை உங்கள் தலைக்குப் பழகி அமுங்கியதும் ஒலியும் கொஞ்சம் மாறும். புது ஹெட்போன் ஓட ஓட ஒலி மாறும், ‘பர்ன்-இன்’ ஆகிறது என்று சொல்கிறார்களே, அதில் டிரைவர் மாறுவதைவிட நுரை அமுங்குவதும் நம் காது பழகுவதும்தான் பெரிய பங்கு என்பது என் அபிப்பிராயம். அதனால் மாட்டிய அன்றே தீர்ப்புச் சொல்லாதீர்கள், முக்கியமான கல்யாண வேலையையும் அன்று முடிக்காதீர்கள்.

ஈக்வலைசர் வைத்துச் சரிசெய்துகொள்ளலாமே என்று தோன்றும். கொஞ்சம் முடியும். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. வெல்வெட் பேட்டால் நடு ஒலியில் வந்த சின்ன ஏற்றத்தை அதில் இறக்கலாம். ஆனால் கசிவால் போன 30, 40 ஹெர்ட்ஸை அதில் ஏற்றிக் கொண்டுவர நினைக்காதீர்கள், டிரைவர் அளவுக்கு மீறி ஓடி ஒலி உடையும், அடைப்பு இல்லாத இடத்தில் எவ்வளவு ஏற்றினாலும் பாதிதான் காதுக்கு வரும். இன்னொன்று, இந்தத் திருத்தத்தை எடிட்டிங் மென்பொருளின் மாஸ்டர் டிராக்கில் ஒருநாளும் போடாதீர்கள். உங்கள் ஹெட்போனுக்காகப் போட்ட திருத்தம் கல்யாண வீட்டுக்காரர் கையில் போகும் வீடியோவிலும் சேர்ந்துவிடும். கணினியின் ஒலி வெளியே வரும் இடத்தில் மட்டும்தான் அது இருக்க வேண்டும்.

காது வேகிறது என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்ச், ஏப்ரலில் நம் பக்கம் வெயில் 40 டிகிரியை எட்டும்போது மூடிய ரெக்சினுக்குள் காதை மணிக்கணக்கில் வைப்பது பெரிய தொல்லை. ஆனால் எடிட்டிங்கில் எல்லா நேரமும் ஒலியை உற்றுக் கேட்கிற வேலை இல்லை. ஷாட் வெட்டுவது, நிறம் சரிசெய்வது எல்லாம் ஸ்பீக்கரில் மெதுவாக வைத்துக்கொண்டே செய்யலாம். ஒலியைச் சரிசெய்யும் நேரத்துக்கு மட்டும் ஹெட்போன் மாட்டினால் காதுக்கும் ஓய்வு, பேட்டுக்கும் ஆயுள். பனியன் துணியில் தைத்த பேட் உறையும் விற்கிறார்கள், வியர்வையை உறிஞ்சும், துவைத்துப் போடலாம். கொஞ்சம் பாஸ் போகும், ஆனால் வெல்வெட் பேட் அளவுக்கு இருக்காது, கழற்றினால் பழையபடி ஆகிவிடும் என்பதுதான் அதன் நன்மை. கழுத்திலோ காதோரத்திலோ தடிப்பு, அரிப்பு இருந்தால் எந்தப் பேட் என்பதை விட்டுவிட்டு தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

தலையை நெரிக்கிறது என்றால் அது வேறு விஷயம். தடிமனான பேட் போட்டால் கப்கள் இன்னும் விரியும், நெரிப்பு கூடும், சுகத்துக்காக வாங்கியதே வலியாகும். எம்50எக்ஸின் தலைப்பட்டையை அதன் அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிதான புத்தகக் கட்டின் மேல் ஒரு இரவு மாட்டி வைத்தால் தளரும். ரொம்பத் தளர்த்தினால் அடைப்பு போய்விடும், அப்புறம் பேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

வேறு ஹெட்போன் வைத்திருந்து இதைப் படிக்கிறவர்களுக்காக ஒன்று. வெளிச் சத்தத்தைக் குறைக்கிற வகை, சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4, போஸ் கியூசி35 போன்றவற்றில் கப்புக்குள் ஒரு மைக் உட்கார்ந்து, உள்ளே இருக்கும் ஒலியைக் கேட்டே எதிர் ஒலி கொடுக்கிறது. பேட்டின் இறுக்கமும் அளவும் மாறினால் அந்தக் கணக்கே குலைந்துபோகும், சத்தம் குறைவது பலவீனமாகும். அவற்றுக்குக் கம்பெனிப் பேட் அல்லது அளவு அச்சாக ஒத்துப்போகிற பேட் தவிர வேறு எதையும் போடாதீர்கள். எச்டி 600 போன்ற திறந்த வகையில் வெலோர் சப்பையானாலும் ஒலி மாறும், அதையும் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். சோனி எம்டிஆர்-7506 வைத்திருப்பவர்கள் பேயர்டைனமிக் டிடி 250-இன் வெலோர் பேட்டைப் போடுவது பழைய வழக்கம், சுகம் நன்றாகக் கூடும். ஒலி நன்றாகிறதா என்பதில் அதைப் போட்டவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

வால்யூமைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேட் கசியும்போது ஒலி போதவில்லை என்று நாம் கூட்டி வைப்போம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019-இல் கொடுத்த அளவின்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான் கேட்கலாம். உங்கள் வேலை நேரமே அவ்வளவு வந்துவிடும். புதுப் பேட் மாட்டிய அன்று வால்யூமைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, தேவைக்கு மட்டும் ஏற்றுங்கள், பழைய இடத்துக்கு வர வேண்டியதே இருக்காது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கீல், கேபிள், இரண்டு பக்க ஒலி மூன்றும் சரியாக இருந்தால் ஹெட்போனை மாற்றாதீர்கள். கம்பெனிப் பேட் கிடைத்தால் அது. கிடைக்காவிட்டால் எம்50எக்ஸுக்கு என்றே அளவெடுத்துச் செய்த, ஓட்டையில்லாத, அதே உயரமுள்ள ரெக்சின் பேட், உள்ளே மெமரி ஃபோம் இருந்தால் உங்கள் கண்ணாடிக்கு நல்லது. சில நூறு ரூபாய்க்கு வருகிற பேர் தெரியாத பேட்டும் சில நேரம் நன்றாகவே இருக்கும், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே உயரமாக இருக்கிறதா என்று பார்க்காமல் மாட்டாதீர்கள். பேட் வந்ததும், மாட்டும் முன்பே ஒரு ஸ்கேலை வைத்து அதன் உயரத்தையும் உள்துளையின் நீள அகலத்தையும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் அதில் வேலை செய்து, ஒலி சரியாக இருந்தும் காது இன்னும் தாங்கவில்லை என்றால், அப்போது வெல்வெட் வாங்குங்கள். அந்த எழுதி வைத்த அளவுக்கு மிக நெருக்கமாக வருவதை மட்டும் தேர்ந்தெடுங்கள். மாட்டிய பிறகு அதே மிருதங்கத்தையும் இலத்தாளத்தையும் போட்டுக் கேட்டு, ரெக்சினுக்கும் வெல்வெட்டுக்கும் பாஸில் உள்ள வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு எடிட் செய்யலாம். கழற்றிய ரெக்சின் பேட்டைத் தூக்கிப் போடாதீர்கள், முடித்த வேலையைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க அது வேண்டியிருக்கும்.